டிரம் பாயின் எண்ணெய்ச் சட்டை

பூனையை வெறுப்பதில் டிரம் பாயை மிஞ்ச ஆம்பூரில் ஆள் கிடையாது. ஆம்பூர் என்ன, வாணியம்பாடி தொடங்கி ராணிப்பேட்டை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட மனிதரின் பின்னால்தான் ஊர்ப் பூனைகள் அத்தனையும் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தன. அதை அவருடைய தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

டிரம் என்றதும் கச்சேரியில் வாசிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோல் தொழிற்சாலையில் இரண்டு ஆள் உயரத்துக்கு மர உருளைகள் இருக்கும். அதற்குள் தோலைப் போட்டு, தண்ணீரும் மருந்தும் ஊற்றி மணிக்கணக்கில் உருட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் டிரம். தோல் விறைத்துப்போகாமல் மெத்தென்று இருப்பதற்காகக் கடைசியில் எண்ணெய் ஊற்றுவார்கள். பாய் வேலை பார்த்த கம்பெனியில் ஊற்றியது மீன் எண்ணெய். வருஷக்கணக்காக அதை ஊற்றியவர் பாய். குளித்தாலும் போகாத வாசனை அது. பூனைகளுக்குப் புரிந்தது இந்நேரம் உங்களுக்கும் புரிந்திருக்கும்.

நாங்கள் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்து, நானும் என் கணவரும் வீடு தேடி அலைந்தபோது, புரோக்கர் அந்த வீட்டைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை, "போர் தண்ணி சக்கரையா இருக்கும் மேடம்" என்பதுதான். தோல் கழிவால் கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊரில் நல்ல தண்ணீர் வருகிற வீடு என்றால் வேறு எதையும் விசாரிக்கத் தோன்றாது. தண்ணீருக்காகத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். பூனைகளைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, புரோக்கரும் சொல்லவில்லை.

குடிபோன அன்று சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது. தெருமுனையில் ஒரு மொபெட் சத்தம் கேட்டது. அதுவரை மதில்மேலும் மாடியிலும் செத்ததுபோல் கிடந்த பூனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து சோம்பல் முறித்தன. காம்பவுண்டுக்குள் மொபெட் நுழைந்தபோது வாசலில் கல்யாண வரவேற்புக்குக் கூடுகிற அளவு கூட்டம்.

"இன்னா, எல்லாரும் வந்தாச்சா? ஒங்க அப்பன் ஊட்டு சொத்தாடா இது? போங்கடா! பேஜாரு புடிச்ச கும்பல்!"

திட்டிக்கொண்டே வண்டியை நிறுத்தி, மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே கைபடாத மீன் துண்டுகள் இருந்தன. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். நமக்கு பூனைன்னாவே ஆவாது. பாபி சாப்பாடு ஜாஸ்தி வெச்சிட்டா. கொட்டுனா பாவம்."

பாபி என்று தெருவே அழைத்தது அவர் மனைவியை. அந்த அம்மாள் வாசல் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார். "டெய்லி ஜாஸ்தி வெக்கச் சொல்றதும் இவருதான் டீச்சர்."

அந்தப் பூனைகளுக்கு அவர் வைத்த பெயர்களெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பதப்படுத்திய ஈரத் தோல் வெளிர்நீலமாக இருக்கும், அதை வெட் ப்ளூ என்பார்கள். சாம்பல் நிறத்தில் இருந்த அழகிக்கு அந்தப் பெயர். காய்ந்த தோல் நிறத்தில் இருந்தது க்ரஸ்ட். இவை தவிர, எந்தத் தரத்திலும் சேராமல் ஒதுக்கப்பட்ட தோலைப்போல ஒன்று இருந்தது. கிழிந்த காது, நொண்டும் முன்னங்கால், பாதி முடி கொட்டிய வால். அதன் பெயர் ரிஜெக்ட்.

ரிஜெக்ட் மற்றதுகளைப்போல மீனுக்கு அடித்துக்கொள்ளாது. எல்லாம் தின்று முடித்த பிறகு மெதுவாக நொண்டி வந்து, பாய் உட்கார்ந்திருக்கும் படியையே பார்த்துக்கொண்டு நிற்கும். "எடம் வோணுமா ஒனக்கு? நவாபு வூட்டுப் புள்ள!" என்று ஏசிக்கொண்டே பாய் சுவரோரம் நகர்ந்து இடம் விடுவார். அது ஏறி, அவர் தொடையில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடும். எழுந்தால் அது விழித்துவிடுமே என்று, பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை இவர் கால் மரத்துப்போக உட்கார்ந்திருப்பார்.

"பாசமா வருது பாய்," என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"பாசமா? இதுங்களுக்கா? ஒரு மண்ணும் கெடயாது டீச்சர். எல்லாம் எண்ணெ. எண்ணெ வாசனைக்கு வர்ற கும்பல். நாளைக்கே நான் வேற வேலைக்குப் போய்ட்டேன்னு வெச்சுக்கோங்க, ஒரு நாயி திரும்பிப் பாக்காது."

"இது பூனை பாய்."

"பூனையும் பாக்காது."

அதற்கு ஆதாரமும் கையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு வெள்ளை ஜிப்பா போட்டு, தொப்பி வைத்து, காதுமடலில் அத்தர் தடவிக்கொண்டு வெளியே வருவார். அந்த அத்தர் வாடை பட்டதும் பூனைகள் வரிசையாகத் தும்மும். தும்மிவிட்டு, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு நாலு திசைக்கும் கலைந்து போகும். ரிஜெக்ட் இரண்டு தும்மல் கூடுதலாகவே போட்டுவிட்டு ஓடும்.

"பாத்தீங்களா? நம்ம மூஞ்சியே அதுங்களுக்குத் தெரியாது," என்பார் பாய். ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவர் போலத்தான் சொல்வார். ஆனால் முகம் ஜெயித்தவர் முகமாக இருக்காது.

பூனை வளர்க்காமலேயே பூனையோடு வாழ்வது எப்படி என்று அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனில் பேசக் கூடாது. துவைத்த துணியைக் கூடையில் வைக்கக் கூடாது. பாபி பீரோவை ஒருக்களித்துத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வருவதற்குள், வெட் ப்ளூ உள்ளே போய், அண்ணன் மகள் நிக்காஹுக்கு எடுத்து வைத்திருந்த ஜரிகைப் புடவைமேல் பிரசவித்துவிட்டது. பாபி கத்திய கத்தலில் பக்கத்துத் தெரு மருத்துவச்சியே வந்துவிட்டார். பாய் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, "கத்தாத, தாய்க்கும் புள்ளைங்களுக்கும் ரெஸ்ட் வோணும்," என்றார். பாபி நிக்காஹுக்குப் பழைய புடவையில்தான் போனார்.

என் கணவரின் புது ஷூவை க்ரஸ்ட் பிறாண்டிவிட்டபோது, நியாயம் கேட்க ஷூவோடு கீழே இறங்கினோம். பாய் அதை வாங்கி, வெயில் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஆழம் கம்மிதான் சார். மேல ஃபினிஷிங் போட்டா மறைஞ்சிடும். ஆனா தோலு மொதல்லயே செகண்ட் கிரேடு. கடைக்காரன் ஒங்கள ஏமாத்திட்டான்." நியாயம் கேட்கப் போன நாங்கள், கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினோம்.

ஒருமுறை ரிஜெக்டுக்குக் கால் வீங்கிவிட்டது. சிமெண்ட் சாக்கில் போட்டு, முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்டு, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார் பாய். சாக்கைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். டாக்டர் பெயர் கேட்டார்.

"ரிஜெக்ட் சார்."

"நான் இன்னும் பாக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் ரிஜெக்ட்டு?"

"இல்ல சார், அதான் அவன் பேரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்கதான் ஓனரா?"

"ஓனர்லாம் இல்ல சார். வழியில பாத்தேன். தெரிஞ்ச மொகம்."

தெரிந்த முகம், ஊசியைப் பார்த்ததும் அவர் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அலறியது. ஊசி போட்டது பூனைக்கு. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "யா அல்லா" என்றது பாய்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பாய்க்கு மூச்சிரைப்பு வந்தது. ஈரத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் நல்ல மாதிரியாகவே அவரை டிரம்மிலிருந்து எடுத்து, பேக்கிங் பிரிவில் போட்டார்கள். அங்கே அட்டைப்பெட்டி வாசனையும் பசை வாசனையும்தான். டிரம்முக்கு சலீம் என்பவர் வந்தார். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர்.

வாசனை ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வாசலில் கூட்டமும் அப்படியே கரைந்தது. முதலில் க்ரஸ்ட் போனது. பிறகு பெயர் வைக்காத சில்லறைகள் போயின. ஒருநாள் சாயங்காலம் பாய் போனை நீட்டிக்கொண்டு மாடிக்கே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், இந்த அநியாயத்தப் பாருங்க! என் வெட் ப்ளூ, அந்த சலீம் ஸ்டேட்டஸ்ல இருக்குது!"

பார்த்தேன். சலீமின் மடியில் வெட் ப்ளூ படுத்திருந்தது. கீழே இரண்டு இதயம் வேறு போட்டிருந்தார் சலீம்.

"என் டிரம்ம எடுத்துகினான், செரி. கம்பெனி குடுத்தது. பூனையையுமா டீச்சர்?" என்றவர், சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "நான்தான் அப்பவே சொன்னனே. எல்லாம் எண்ணெக்கு வர்ற கும்பல்னு."

ரிஜெக்ட் மட்டும் போகவில்லை. ஆனால் பாயிடம் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. டிரம்மில் கடைசி நாள் போட்டிருந்த காக்கிச் சட்டையை, பாபியிடம் சண்டை போட்டு, துவைக்காமல் படியோரம் ஒரு மூலையில் மடித்துப் போட்டிருந்தார். ரிஜெக்ட் பகலெல்லாம் அதன்மேல்தான் தூங்கியது. "அவன் எனக்காக இல்ல டீச்சர், சட்டைக்காக இருக்கான்," என்பார். சொல்லிவிட்டு அதன் கிழிந்த காதைத் தடவுவார். அது தூக்கத்திலேயே அவர் விரலை நக்கும். நாக்கு பட்ட விரலை அவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்.

பெங்களூரிலிருந்து பாபியின் நாத்தனார் குடும்பம் வருவதாகச் செய்தி வந்தது. பாபி வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினார். பாய் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அந்தச் சட்டையையும் எடுத்து, வெந்நீரில் ஊறவைத்து, சோடா போட்டு, அடித்து அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். சாயங்காலம் பாய் வந்தபோது சட்டை கொடியில் எலுமிச்சை சோப்பு மணத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. படியில் ரிஜெக்ட் இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"செரி, கத முடிஞ்சிது. சட்டைக்கு இருந்தான், சட்ட போச்சு, போய்ட்டான்," என்று சொல்லிவிட்டு பாய் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பாபி என்னைப் பார்த்து அழுதார். "நா இன்னா டீச்சர் பண்ணேன்? அழுக்கு சட்டையத் தொவைக்கறது ஒரு தப்பா?" தப்பில்லைதான். நாத்தனாருக்காக உலகத்தில் யார்தான் துவைக்கவில்லை?

போனதை விட்டுவிடுகிற ஆள் இல்லை பாய். மறுநாள் சலீம் வீட்டு வாசலில் போய் நின்றார். வெட் ப்ளூ போன நாளிலிருந்து அந்தத் தெருவில் அவர் காலே வைத்ததில்லை.

"சலீமு, ஒன் சட்ட ஒண்ணு குடு."

"அதுக்கின்னா பாய், புதுசாவே ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

"புதுசு வோணாம். தொவைக்காதது வோணும்."

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் பாய் தேடக் கிளம்பினார். பாபி என்னிடம் கெஞ்சினார். "நீங்களும் கூடப் போங்க டீச்சர். தனியா போனா இவர பைத்தியம்னு நெனப்பாங்க." இரண்டு பேராகப் போனால் இரண்டு பைத்தியம் என்று நினைப்பார்கள் என்பது பாபிக்குத் தோன்றவில்லை.

பள்ளிவாசல் தெரு, மீன் மார்க்கெட், பாலாற்றங்கரை என்று நடந்தோம். "ரிஜெக்ட்! டேய் ரிஜெக்ட்!" என்று பாய் கூப்பிட்டுக்கொண்டே போனார். எண்ணெய்ச் சட்டை தன் வேலையைச் செய்தது. முதலில் இரண்டு பூனை, பிறகு ஐந்து, மீன் மார்க்கெட்டைத் தாண்டியபோது எண்ண முடியவில்லை. வெட் ப்ளூவும் க்ரஸ்டும்கூட முன்வரிசையில் கூச்சமில்லாமல் நடந்து வந்தன. பஸ் நிலையத்தருகே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னா பாய் இது, ஊர்வலமா?"

"இல்ல சார். பூன ஒண்ணு காணோம். தேடிகினு வர்றேன்."

போலீஸ்காரர் எங்களுக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இதுல ஒண்ணுகூடப் புடிக்கலயா ஒனக்கு?"

"இதுங்க இல்ல சார். அவன் வேற."

"எப்பிடி இருக்கும்?"

"ஒரு காது கிழிஞ்சிருக்கும். முன்னங்காலு நொண்டும். வால்ல முடி கம்மி. பாக்கவே சகிக்காது சார்..." பாதியில் விட்டுவிட்டு, பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பி, "டேய் ரிஜெக்ட்!" என்று கூப்பிட்டார். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்த எனக்கு அங்கே அழுகை வந்துவிட்டது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "கெடச்சிடும் பாய், போ," என்றார்.

கிடைக்கவில்லை. சலீமின் சட்டையை பாய் படியோரத்து ஆணியில் மாட்டி வைத்தார். வந்தால் வாசனை தெரியட்டுமே என்று. வேண்டாத பூனைகளெல்லாம் வந்து அதன் கீழே படுத்துவிட்டுப் போயின.

எங்கள் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து பாய் திரும்பினார். வெள்ளை ஜிப்பா, தொப்பி, அத்தர். அன்று அத்தர் வழக்கத்தைவிட ஜாஸ்தி. நாத்தனார் பரிசாகக் கொண்டுவந்த புதுக் குப்பி. மாடிவரை அடித்தது. பூனைகள் எல்லாம் தும்மிக் கலைந்துவிட்டிருந்தன. பாய் கீழ்ப்படியில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் பூனைகள் எங்காவது போய் ஒளிந்துகொள்ளும் என்று, ஊசி போட்ட அன்று கால்நடை டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பாபி வாசலில் நின்று பார்த்தார். ரிஜெக்ட் நாலு அடி நடந்து, ஆணியில் தொங்கிய எண்ணெய்ச் சட்டைக்கு நேர் கீழே வந்தது. மூக்கைத் தூக்கவே இல்லை. சட்டையைத் தாண்டி நடந்தது. அத்தர் வாடை பட்டதும் ஒரு தும்மல் போட்டது. நின்றது. இன்னொரு அடி, இன்னொரு தும்மல். தும்மித் தும்மி, நொண்டி நொண்டி, படிக்கு வந்து, இடம் கேட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அத்தர்டா," என்றார் பாய். "அத்தர் போட்டிருக்கேன்டா. ஒனக்கு ஆவாதேடா." சொல்லிக்கொண்டே சுவரோரம் நகர்ந்தார். ரிஜெக்டால் ஏற முடியவில்லை. அவரே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது வெள்ளை ஜிப்பாவில் முகத்தைப் புதைத்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

பாய் அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை. குழந்தைபோல விசும்பி விசும்பி அழுதார். டாக்டரை அழைத்துவரக் கிளம்பிய என்னைக் கையைக் காட்டித் தடுத்தார். பிற்பகல் அஸர் பாங்கு சொல்வதற்கு முன்பே ரிஜெக்டின் மூச்சு நின்றுவிட்டது.

தோளில் கிடந்த தொழுகைத் துண்டிலேயே அதைச் சுற்றி, பின்பக்கம் கொய்யா மரத்தடியில் அடக்கம் செய்தார். சலீமும் வந்து குழி வெட்டினார். எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது பாய் என்னிடம் சொன்னார்.

"இத்தன வருஷம் தோலப் பாத்தவன் டீச்சர் நானு. தொட்டுப் பாத்தா தரம் சொல்லிடுவேன். இவன ஒருத்தனத்தான் தப்பாப் போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு சில வருஷங்களில் என் கணவருக்கு வேலூரில் வேலை கிடைத்து, நாங்கள் சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டோம். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற வீடு. பூனைத் தொல்லை கிடையாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போனில் பேசலாம். அது என்னவோ எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆம்பூருக்குப் போனேன். பாய் ஓய்வு பெற்றுவிட்டார். அதே கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூனை எதுவும் இல்லை. தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி விடவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க! இன்னா இவ்ளோ தூரம்? ஸ்கூல்ல எதாச்சும் வேலையா?"

"இல்ல பாய்."

"யார் ஊட்லயாவது விசேஷமா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?"

"ஒண்ணும் இல்ல பாய். சும்மாதான் வந்தேன்."

"நம்ம போர் தண்ணிகூட இப்ப உப்பாயிடுச்சு டீச்சர்," என்றார்.

"ஆனா ஆவட்டும் பாய்," என்றேன்.

அவர் சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.